கள்ளிப்பெட்டிக் கூடு

காலையில் என்னோடு பூங்காவில் நடக்கிற உங்களில் பலர் மைனாக்களுக்கு பிஸ்கட் உதிர்த்துப் போடுகிறீர்கள். நான் போடுவதில்லை. போன வாரம் உங்களில் ஒருவர், "ஏன், உங்களுக்குப் பறவைன்னா ஆகாதா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். மூட்டுவலியையும் சர்க்கரையையும் பேசி முடித்த பிறகும் நம் வயதில் நேரம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா அப்போது கொல்லிமலையில் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். திண்ணனூர் நாட்டுப் பக்கம், ரோட்டைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஓடு போட்ட இரண்டு சிறிய குவார்ட்டர்ஸ். ஒன்றில் நாங்கள். மற்றதில் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா தனியாக இருந்தாள். அவள் நாகர்கோவில்காரி. வாசலில் சிலுவை மாட்டி, அதன் கீழே டிசம்பர் பூச்செடி வைத்திருந்தாள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு தடவையும் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, பேளுக்குறிச்சிக்குப் போய், வெறும் கையோடு மலையேறி வந்தாள். மூன்றாவது தடவை பிள்ளை உண்டானபோது அப்பா ஊருக்குக் கிளப்பினார். அம்மா அசையவில்லை.

"அங்க போவமாட்டனுங்க. சந்தைக்கு வர்றவ போறவளெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டுப் போவா. என்ன ஆனாலும் இங்கயே ஆவட்டும்."

கீழே டவுனில் பார்த்த லேடி டாக்டர், படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். காலையில் அவரே சோறாக்கி, எனக்குத் தலைவாரிவிட்டு, மருந்தகத்துக்குப் போவார். கோணல் வகிடோடு நான் பள்ளிக்கூடம் போவேன். அந்த வருடம் முழுக்க எனக்கு வகிடு நேராக இருந்ததே இல்லை.

சாயங்காலம் நர்ஸ் அக்கா வருவாள். அவளிடம் மரத்தில் கடைந்த ஒரு சிறு குழல் உண்டு. ஒரு பக்கம் புனல்போல அகன்றிருக்கும். அதை அம்மாவின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள், "வா மக்களே" என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்கவிட்டாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் மாதிரி, வெகு தூரத்தில், வேகவேகமாக ஒரு துடிப்பு. நான் பயந்து காதை எடுத்துவிட்டேன். அம்மா சிரித்தாள்.

மாசி கடைசியில் ஒரு மழை பெய்யும். அது பெய்து சில நாளில் காப்பிச் செடிகளெல்லாம் ஒரே சமயத்தில் பூத்துவிடும். கீழ்நாட்டில் இருந்து வந்த எங்களுக்கு அந்த வாசனை முதலில் மல்லிகை என்றே பட்டது. அது வீட்டுக்குள் வந்து சோற்றில்கூட ஏறும். அம்மாவுக்கு அந்த வாசனையில் குமட்டியது. ஜன்னலைச் சாத்தினால் வெளியே பார்க்க முடியாது, திறந்தால் வாசனை. பகல் முழுக்க யாரும் இல்லாத வீட்டில் ஓட்டுக்கூரையையும் சுவரையும் பார்த்தபடி கிடந்தாள். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, சுவரில் இருந்த காரைப் பெயர்ப்பைக் காட்டி, "இது பாரு கண்ணு, படுத்திருக்கிற கன்னுக்குட்டி மாதிரியே இருக்குது. காலைல இருந்து இது எந்திரிக்குமான்னு பாத்துட்டே இருக்கறேன்" என்றாள். நான் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்திலிருந்து ஒரு கள்ளிப்பெட்டியைத் தூக்கி வந்தார். மாட்டு மருந்து பாட்டில்கள் வைக்கோலில் புதைந்து வருகிற பெட்டி. அதை உடைத்து, பலகையை அறுத்து, எங்கள் கைக்கு ஒரு முழ உயரம் வருகிற ஒரு சின்னப் பெட்டி செய்தார். ஒரு பக்கம் உளியால் துளை போட்டார். மேல்மூடிக்குத் தோல்துண்டில் கீல். ஜன்னலுக்கு நேரே மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரம் ஒன்று இருந்தது. அதில் ஏணி போட்டு ஏறி ஆணி அடித்து மாட்டினார். பலகையில் பாதி அழிந்த இங்கிலீஷ் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.

"என்னத்துக்குங்க இது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"குருவி குடிவரும் பாரு. உனக்குப் பொழுது போவோணுமில்ல."

இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இதுல குருவி குஞ்சு பொரிக்கிற அன்னிக்கு நம்ம ஊட்டுலயும் புள்ள அழுவும் அம்மிணி. நீ வேண்ணாப் பாரு."

அவர் அதைத் தைரியம் கொடுக்கத்தான் சொன்னார். நோயில் கிடக்கிற மாட்டின் சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான் பேசுவார். "நாளைக்கு எந்திரிச்சு பசுந்தீவனம் திங்கும் பாருங்க" என்பார். சில மாடு எழுந்திருக்கும். சொன்னவருக்கு அது வாயிலிருந்து போன சொல். கட்டிலில் கிடந்தவளுக்கு அதைத் தவிர வேறு நினைக்க ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது பட்டாணிக்குருவி ஜோடி. உங்களில் மலைப்பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கறுத்த தலை, கன்னத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பினதுபோல ஒரு வட்டம், வெளுத்த மார்பின் நடுவே கழுத்துப்பட்டை தொங்குவதுபோல ஒரு கறுப்புக் கோடு. ஒன்று துளைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ஓடும். மற்றது கொப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதனிடம் விசாரிக்கும். இரண்டு நாள் இப்படி யோசித்தன. மூன்றாம் நாள் பாசியைக் கவ்விக்கொண்டு உள்ளே போயின.

அம்மா மாறிப்போனாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்கவிடாமல் அன்றைய செய்தியை எல்லாம் சொல்வாள். "பாசி கொண்டாந்துது, அப்புறம் எங்கிருந்தோ ஆட்டுமசுரு கொண்டாந்துது. ஆம்பளக்குருவி சும்மா கத்திக்கிட்டுத்தான் நிக்குது. வேல பூராவும் அவதான் பாக்கறா." தலைவாரி உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போடச் சொன்னாள். பால் ஊற்ற வருகிற மலைக்காரம்மா அதைப் பார்த்துப் பதறினாள்.

"முடிய வெளிய போடாதீங்கம்மா. குருவி கூட்டுல வெச்சுதுன்னா உங்களுக்குத் தலவலி தீராது."

"வெச்சுட்டுப் போவட்டுங்க. தலவலிதான? தாங்கிக்கறேன்" என்றாள் அம்மா. குருவி அந்த முடியை எடுத்துப் போனது. எங்கள் கண்முன்னாலேயே. அம்மா கைதட்டிச் சிரித்ததை நான் அப்போது கேட்டதுதான். வெகு காலம் அப்படி இன்னொரு முறை கேட்கவில்லை.

ஒரு நாள் அப்பா ஏறி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முட்டை வெச்சிருக்குது!" என்று ஏணியிலிருந்தே கத்தினார். சுண்டுவிரல் நுனி அளவு, வெள்ளையில் செம்புள்ளி என்றார். அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

அதே வாரம்தான் மைனாக்கள் வந்தன.

துளையை அப்பா பெரிதாகப் போட்டுவிட்டார். கோழிமுட்டை நுழைகிற அளவு. பட்டாணிக்குருவிக்கு அதில் பாதி போதும் என்று அவருக்கு யார் சொல்வது? மஞ்சள் காலும் மஞ்சள் மூக்குமாக இரண்டு மைனாக்கள் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்து, வீடு பார்க்க வந்தவர்கள்போல அப்படியும் இப்படியும் நடந்தன. ஒன்று துளைக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஒரு வாய் பாசியை இழுத்து வெளியே வீசியது. பட்டாணிக்குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டு மைனாவின் தலைக்கு மேலாகப் பாய்ந்து பாய்ந்து திரும்பின. மைனா அவற்றைச் சட்டை செய்யவே இல்லை.

அம்மா கட்டிலில் இருந்தபடியே "ஸூ, ஸூ" என்று கத்தினாள். சத்தம் அங்கே எட்டவில்லை. டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினாள். மைனாக்கள் எழுந்து போய், அவள் கை ஓய்ந்ததும் திரும்ப வந்தன. பகல் முழுக்க இதேதான். நான் பள்ளியிலிருந்து வந்தபோது டம்ளரின் விளிம்பு நெளிந்திருந்தது. அம்மாவின் நெற்றி கொதித்தது.

அப்பா வந்ததும் அவள் அழுதாள். "அதுங்க முட்டைய உருட்டித் தள்ளிருமுங்க. நீங்க இருந்து பாத்துக்குங்க, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

இரண்டு நாள் அப்பா மருந்தகத்துக்குத் தாமதமாகப் போனார். உண்டிவில்லோடு மரத்தடியில் நின்றார். எத்தனை நாள் நிற்க முடியும்? மாட்டைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மருந்தக வாசலில் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தகரத்தை வெட்டி, நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டு எடுத்து வந்தார். அதைப் பெட்டியின் பெரிய துளைமேல் வைத்து அடித்துவிட்டால் குருவி போகும், மைனா போக முடியாது. யோசனை சரியானதுதான். இன்றைக்கும் அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அவர் அதை முட்டையும் தாயும் உள்ளே இருக்கும்போது செய்தார். ஏணியில் ஏறியதும் தாய்க்குருவி சீறிக்கொண்டு வெளியே பறந்தது. நான் கீழே நின்று ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கொடுத்தேன். சுத்தியல் விழுந்தபோதெல்லாம் பெட்டி அதிர்ந்தது, தகரம் கணகணவென்றது, மரத்தில் இருந்த எல்லாம் பறந்து போயின. வெயிலில் புதுத்தகரம் பளீரென்று மின்னியது. அவசரத்தில், பயத்தில், அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவர்போல ஒரே மூச்சில் வேலையை முடித்தார்.

"இனி எவன் வந்தாலும் நொழைய முடியாது" என்றார் அம்மாவிடம்.

மைனாக்கள் வந்தன. தகரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. பட்டாணிக்குருவிகளும் வந்தன. எதிர்க் கொப்பில் உட்கார்ந்து அந்த மினுக்கத்தைப் பார்த்தன. இப்படித் திரும்பி ஒரு கத்தல், அப்படித் திரும்பி ஒரு கத்தல். அன்று சாயங்காலம் வரை அந்தக் கொப்பில் இருந்தன. மறுநாள் ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு வரவில்லை.

நர்ஸ் அக்கா அப்போது ஊரில் இல்லை. ஈஸ்டருக்கு லீவு போட்டு நாகர்கோவில் போயிருந்தாள். போகும்போது அப்பாவிடம், "வலியெடுத்தாலோ, புள்ள அசைவு கொறைஞ்சாலோ ஒடனே கீழ கொண்டுபோயிரணும், கேட்டீங்களா? நான் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதை மறக்கவில்லை. தினமும் காலையும் மாலையும் அம்மாவைக் கேட்டார்.

"புள்ள ஒதைக்குதா?"

"ஒதைக்குதுங்க" என்றாள் அம்மா.

பிறகு அம்மா கேட்பாள். "குருவி?"

"உள்ளதான் இருக்கறா. அடைகாக்கறா."

கட்டிலில் இருந்து பார்த்தால் பெட்டியின் பக்கவாட்டுதான் தெரியும். வருகிற போகிற குருவி தெரியும், துளைக்குள் இருப்பது தெரியாது. அதனால் அப்பா சொல்வதை நம்பவும் முடியும். "அந்த ஆம்பளக்குருவியக் காணமேங்க" என்றாள் ஒரு நாள். "நீ கண்ணசர்றப்ப வந்து ஊட்டிட்டுப் போவுது" என்றார். ஒரு நாள் காலையில், அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, அவர் ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினதை நான் பார்த்தேன். விரலை உள்ளே விட்டுத் தொட்டார். அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூடியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து, "நல்லா சூடா இருக்குது முட்டை" என்றார். அம்மா விழித்துத்தான் இருந்தாள்.

"அப்படிங்களா" என்றாள்.

"நம்ம புள்ள?"

"இப்பத்தான் ஒரு ஒதை ஒதைச்சுதுங்க."

நான் அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த வாரம் எல்லாமே நன்றாக இருந்தது. அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் அக்கா ஒரு மத்தியானம் வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டுக் கையில் பலகாரம் வைத்த ஓலைக்கொட்டானோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா மருந்தகத்தில் இருந்தார். எனக்குப் பங்குனிக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லை. அக்கா கட்டிலில் உட்காரப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அக்கா, முதல்ல ஒரு உதவி செய்யுங்க. அந்த ஏணில ஏறி அந்தப் பெட்டியத் தொறந்து பாத்துட்டு வாங்க."

"அது எதுக்கு இப்போ? நான் உங்களைப் பாக்கண்டாமா?"

"பாத்துட்டு வாங்க. வந்து, உள்ளத உள்ளபடி எங்கிட்டச் சொல்லோணும். நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னுதான் நீங்க வர்ற வரைக்கும் இருந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். ஏணி சாய்த்தபடியே இருந்தது. ஏறி மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். இறங்கி வந்து கட்டிலருகே நின்றாள்.

"குருவி இல்ல. முட்டை குளுந்து கெடக்கு. எறும்பு ஏறுது."

அம்மா தலையசைத்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சுவரில் இருந்த காரைப் பெயர்ப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எம்புள்ளயும் அசையலீங்க. முந்தாநாள்ல இருந்து."

அக்கா ஓடிப்போய்க் குழலை எடுத்து வந்தாள். வயிற்றில் வைத்தாள். கண்ணை மூடினாள். குழலை நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தினாள். ஜன்னலை, கதவைச் சாத்தச் சொன்னாள். என்னை மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னாள். வெளியே யாரோ மாடு ஓட்டிப் போகிற மணிச்சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி வைத்தாள். அந்தக் குழலின் மறுமுனையில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்பாவக் கூட்டிட்டு வா மக்களே. ஓடு."

மத்தியான பஸ் போய்விட்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற லாரி ஒன்று ரோட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய் மறித்தார். டிரைவர் பாதி லோடோடு கிளம்பினார். அம்மாவைக் கட்டிலோடு ரோட்டுவரை தூக்கி வந்து முன்சீட்டில் ஏற்றினார்கள். நர்ஸ் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பின்னால் கிழங்கு மூட்டையின் மேல் ஏறினார். செருப்பு இல்லை. லாரி முதல் வளைவில் திரும்பும்போது அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

நான் பால்காரம்மாவின் வீட்டில் இருந்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். "அம்மா வந்துருவாங்க சாமி" என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்குத் தெரியாமல் வைத்துவிட்டோம் என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரியும். எனக்கு அந்த மௌனத்தில் இருந்தே எல்லாம் தெரிந்துவிட்டது. சோற்றைக் கொட்டிவிட்டு, சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

அம்மா வருவதற்குள் காப்பிப்பூ எல்லாம் பழுப்பாகிக் கொட்டிவிட்டது. பஸ்ஸில் இருந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தூக்குவாளியும் துணிமூட்டையும் தவிர அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

அன்று மழை. நான் உள்ளறையில் பாயில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள். அப்பா ஏதோ எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக, அம்மா கேட்டாள்.

"எங்கீங்க போறீங்க மழைல?"

"அந்தப் பெட்டியப் பிச்சு வெந்நீரடுப்புல வெச்சர்றேன். இனி அது என் கண்ணுல படவே கூடாது."

"அது என்ன பண்ணுச்சு? உக்காருங்க."

அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமேன்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. தெனமும் நான் உன்னக் கேட்டன் அம்மிணி. ஒதைக்குதுன்னு சொன்னியே."

"நீங்களும் சொன்னீங்களே, முட்டை சூடா இருக்குதுன்னு."

"உன் மனசு ஒடஞ்சிருமேன்னு சொன்னேன்."

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. ஏணி மேல நின்னு வெரல வேட்டில தொடைச்சீங்க. குருவி போயிருச்சுன்னு உங்களாலயே எங்கிட்டச் சொல்ல முடியல. புள்ள அசையலைன்னு நான் எப்படிங்க உங்ககிட்டச் சொல்லுவேன்? உங்க மனசு மட்டும் தாங்குமா?"

அப்பா அழுதார். மழையில் அது இருமல் மாதிரி கேட்டது.

அழுகை ஓய்ந்ததும் அம்மா கேட்டாள். "அந்த முட்டை இன்னும் அங்கதான் கெடக்குதா?"

"ஆமா."

"கொண்டாங்க. பாக்கறேன்."

"அது எதுக்கு உனக்கு?"

"புள்ளையத்தான் யாரும் காட்டல. பாக்கவேண்டாம், மனசு கெட்டுப்போவும்னு துணியச் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்க. இதையாவது காட்டுங்க."

அவர் நனைந்துகொண்டு போய் எடுத்து வந்தார். நான் பாயில் இருந்து எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா உள்ளங்கையில் அந்த முட்டைகளை வைத்து விளக்கருகே கொண்டுபோனாள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய நீள முடி ஒன்று வந்திருந்தது.

"நம்ம புள்ள பையனுங்களா, பொண்ணுங்களா?" என்று கேட்டாள். அதுகூட அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பையன்."

"யாரு சாடை?"

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அண்ணன் சாடை. நெத்தி அகலம். தல நெறைய முடி இருந்துச்சு. வெரலெல்லாம் நீளநீளமா…" என்று ஆரம்பித்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே புதைத்தார்கள், எந்தத் துணியில் சுற்றினார்கள், மழை வந்ததா, யார் யார் கூட வந்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒன்றையும் விடாமல் சொன்னார்.

இத்தனை வயதுக்குப் பிறகு யோசிக்கும்போது அவர்கள் இருவரையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் உடைந்துவிடாமல் இருக்க மற்றவர் பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரில் யாராவது ஒருவர் முதலில் கையை எடுத்திருந்தால்? தெரியாது. முன்னாலேயே கீழே கொண்டுபோயிருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்பதும் தெரியாது. நர்ஸ் அக்காவிடம் ஒரு முறை, நான் பெரியவளான பிறகு கேட்டேன். "கர்த்தருக்குத்தான் தெரியும் மக்களே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சை எடுத்தாள்.

மழை விட்ட பிறகு ஒரு நாள், பெட்டியில் இருந்து அந்தத் தகரத்தைப் பிடுங்கிவிடச் சொன்னாள் அம்மா.

"பிடுங்கினா அந்த மைனாதான் வரும்" என்றார் அப்பா.

"வரட்டுங்க."

வந்தன. ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாம்புச்சட்டை, கோழியிறகு, காகிதம், எங்கோ தொலைந்த என் சிவப்பு ரிப்பனில் கிழிந்த ஒரு துண்டு என்று கண்டதையும் கொண்டுவந்து அடைத்தன. எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. யாரும் இல்லாத நேரம் கல்லெடுத்து வீசுவேன். பூங்காவில் என் கை பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகாதது அந்தப் பழைய எரிச்சலின் மிச்சம்தான். அப்பா அந்தப் பக்கமே பார்க்காமல் வேறு வழியாக மருந்தகத்துக்குப் போய்வந்தார். அம்மா மட்டும் தினமும் ஜன்னல் கட்டையில் ஒரு கை சோறு வைத்தாள். இப்போது அவள் எழுந்து நடமாடினாள். ஆனாலும் மத்தியானத்தில் அந்தக் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

வைகாசியில் பெட்டிக்குள் இருந்து குஞ்சுகளின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. தாயும் தகப்பனும் வாயில் வெட்டுக்கிளியோடு வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு நாள் காலையில் இரைச்சல் கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது. அம்மா ஜன்னலில் நின்றபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஏறிப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா துணியைக் கீழே போட்டார். அவளைப் பார்த்தார். ஏணியை எடுத்துச் சாய்த்தார். மைனாக்கள் இரண்டும் கத்திக்கொண்டு அவர் தலையைச் சுற்றின. ஒன்று அவர் காதருகே கொத்தவே வந்தது. அவர் கையால்கூட விரட்டவில்லை. மூடியை மெதுவாகத் தூக்கி உள்ளே பார்த்தார். கையை விட்டு எதையோ எடுத்தார். மூடியை வைத்துவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஜன்னலுக்கு வந்து, மூடியிருந்த கையை அம்மாவின் முன்னால் திறந்தார். இறகு முளைக்காத ஒரு குஞ்சு, கண் திறக்காமலே செத்துப்போனது.

"இது போயிருச்சு அம்மிணி" என்றார். "மூணு உசுரோட இருக்குது."

அம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டி அந்தக் குஞ்சை வாங்கிக்கொண்டாள்.

"அந்த மூணும் நல்லா இருக்குதுங்களா?"

"ரெண்டு நல்லா இருக்குது. ஒண்ணு கொஞ்சம் சோந்து கெடக்குது. சொல்ல முடியாது."

"சரிங்க" என்றாள் அம்மா.